சூரையோடு போகும் சிக்னல்

அத்தியாயம் மூன்று

பனிச்சங்கேணிப் பாலத்தில் ஏறும்போதே நோபேட் வழக்கைத் தீர்த்துவிட்டான்.

"செரன்டெல்காரன்தான் மிஸ். இதுக்கு நாம கதிரவெளி மட்டுக்கும் போகத் தேவையில்ல. இவடத்த வேனைத் திருப்பினா மத்தியானச் சோத்துக்கு மட்டக்களப்பில நிக்கலாம்."

பக்கத்து ஆசனத்தில் றீற்றா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"பாலத்தில திருப்பேலா," என்றாள்.

மட்டக்களப்பு நகரில் ஒரு தையற்கடைக்கு மேலே றீற்றாவின் துப்பறியும் நிலையம் இருந்தது. அதற்கு முன்பு அவள் ஒரு தொலைபேசிக் கம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவில் வருஷக்கணக்காகச் சனத்தின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தவள். ஆட்கள் எதை மறைப்பதற்காக எதைச் சொல்வார்கள் என்பது அங்கே காதில் படிந்துபோயிற்று. நோபேட்டுக்கு வேன் ஓட்டுவது தொழில். நிலையத்தின் உதவியாளர் என்ற பதவியை அவன் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டான். அவள் அதை மறுக்கவும் இல்லை, அதற்குச் சம்பளம் கொடுக்கவும் இல்லை.

விஷயம் இதுதான். கதிரவெளியில் ஒரு தொலைபேசி டவர் உண்டு. செரன்டெல் கம்பனி கட்டியது. நெடுங்காலமாக அந்த ஊருக்கு வேறு கம்பனி இல்லை; ஆகவே செரன்டெல் சொன்னது விலை, செரன்டெல் தந்தது சிக்னல். கரையில் நின்று பேசலாம். போட் கொஞ்சத் தூரம் போய்விட்டால் பேச்சில்லை. பிறகு தொலைத்தொடர்பு ஆணைக்குழு ஒரு கட்டளை போட்டது. ஒவ்வொரு கம்பனியும் ஊருக்கு ஊர் டவர் நடவேண்டியதில்லை; இருக்கிற டவரில் போட்டிக் கம்பனியும் நியாயமான வாடகைக்குத் தன் அன்ரனாவைப் பூட்டலாம், டவர்காரன் மறுக்கக்கூடாது. அப்படி ஏறியதுதான் 'ஹாய்'. அதன் அன்ரனா கடலைப் பார்த்திருந்தது. ஆழக்கடலில் நின்றும் வீட்டோடு பேச முடிந்தது.

ஆனால் சில மாதங்களாக ஹாய் நாளுக்கு ஒருமுறை செத்துப் பிழைத்தது. செரன்டெல்தான் குழப்புகிறது என்றது ஹாய். ஹாயின் சாமான் மட்டமானது என்றது செரன்டெல். வருகிற புதன்கிழமை மட்டக்களப்பில் ஆணைக்குழுவின் விசாரணை. அதற்குள் காரணம் தெரியாவிட்டால் ஹாய் அன்ரனாவைக் கழற்றிக்கொண்டு போய்விடும்.

"ஹாய் சொல்லி வந்தவன் பாய் சொல்லிப் போகப்போறான்," என்றான் நோபேட். இதை அவன் வாழைச்சேனையிலும் ஒருமுறை சொல்லியிருந்தான்.

அவர்களைக் கூப்பிட்டது தனுஷியா. ஹாயின் ஊர் முகவர் அவள்தான். வேன் கதிரவெளிக் கடற்கரை வீதியில் அவளுடைய சின்னக் கடைக்கு முன்னால் நின்றது. ஒரு பக்கம் தூண்டிலும் நைலோன் நூலும், மறுபக்கம் சிம்மும் றீலோட் அட்டையும். சுவரில் பெரிதாக்கிய ஒரு படம் தொங்கியது. அதில் பருமனான ஒரு பெண் தன் பழைய சிம்மை நீட்ட, தனுஷியா புதுச் சிம்மை நீட்ட, இருவரும் மோதிரம் மாற்றுகிறவர்கள் மாதிரிக் கமராவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆர்ட கலியாணம்?" என்றான் நோபேட்.

"அது ஆச்சிப்பிள்ளை அக்கா. மீன் முதலாளி. செரன்டெல் சிம்மைத் தந்தா ஹாய் சிம் இலவசம் எண்டு கம்பனி சொன்னது. அவதான் முதலாவதா வந்து தந்தா. அவவைப் பார்த்துத்தான் ஊரே தந்தது."

"ஊரே எண்டா?" என்று கேட்டாள் றீற்றா.

"எல்லாரும்தான் மிஸ். இப்ப இஞ்ச ஒருத்தரிட்டையும் செரன்டெல் சிம் இல்ல. நான்தான் எல்லாத்தையும் சேர்த்து அனுப்பினன். இப்ப அதுக்கும் எனக்குத்தான் ஏச்சு."

றீற்றா படத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒருத்தன் மட்டும் இரிந்த ஊருக்கு ரெண்டாவது ஆள் வந்தான். நீங்க முதலாவது ஆளை வழியனுப்பி வச்சிட்டீங்க. திரும்பவும் ஒருத்தன்தான்."

"கம்பனி அப்பிடிச் சொல்லல்லையே மிஸ்."

"சொல்லாது."

தனுஷியா மேசையில் கிடந்த நூற்கட்டைகளை அடுக்கினாள். அடுக்கியவற்றை மறுபடி அடுக்கினாள்.

"என்ட மனிசன் நிலோஜன் கடலில போனவர். செரன்டெல் மட்டும் இரிந்த காலம். கரைக்குச் சிக்னல் இரிந்தது, அவருக்கு இல்ல. ரெண்டாவது கம்பனி வேணும் எண்டு வீடு வீடாப் போய்க் கேட்டவ நான். அன்ரனா கழண்டா கடலுக்குப் போறவங்களுக்குத் திரும்ப ஒண்டுமில்ல. கடை பூட்டுப்படும். அது பெரிசில்ல."

நோபேட் தூண்டில் பெட்டியைப் பார்த்தபடி நின்றான். ஒருவரை எது கொண்டுபோனது என்று இந்தக் கரையில் யாரும் கேட்பதில்லை, சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். இப்படியான இடங்களில் அவன் தன் வாய்க்கு லீவு கொடுப்பான்.

"சிக்னல் எத்தனை மணிக்குப் போகும்?" என்றாள் றீற்றா.

"அதுக்கு ஒரு ஒழுங்குமில்ல மிஸ். ஒரு நாள் விடிஞ்ச கையோட போகும். ஒரு நாள் வெயில் ஏறினாப் பிறகு. கொஞ்ச நேரத்தால தானா வரும்."

"போகாத நாள்?"

தனுஷியா யோசித்தாள். "கடல் கொந்தளிச்ச கிழமை ஒருநாளும் போகல்ல. ரெண்டு கம்பனி இஞ்சினியர்மாரும் அந்தக் கிழமைதான் வந்தாங்க. எல்லாம் நல்லா இரிக்கு எண்டு சொல்லி, களப்பு நண்டு வாங்கிட்டுப் போனாங்க."

"ஒரு போட்டும் இறங்காத கிழமை."

"ஓம்."

றீற்றா நோபேட்டின் பக்கம் திரும்பினாள். "கொழும்பில இரிந்து நிப்பாட்டுறவன் மணிக்கூட்டைப் பார்த்து நிப்பாட்டுவான். இது கடலைப் பார்த்து நிக்குது. கொழும்பில இரிந்தா கதிரவெளிக் கடல் தெரியாது."

"அப்ப மீன்தான் கள்ளன்."

"மீனுக்குக் கிட்ட நிக்கிற ஆள்," என்றாள் றீற்றா.

மூவரும் மீன்வாடிக்கு நடந்தார்கள். தகரக் கூரை போட்ட திறந்த கொட்டகை. நடுவில் தராசு, ஓரத்தில் மீனை ஐஸில் வைக்கும் றெஜிபோம் பெட்டிகள், பின்னால் ஒரு லொறி. கடலில் போட்டுகள் புள்ளி புள்ளியாகத் தெரியத் தொடங்கியிருந்தன. மோட்டார் சைக்கிளில் வந்த சின்ன வியாபாரிகள் இரண்டு மூன்று பேர் தங்கள் முதலாளிமாரோடு தொலைபேசியில் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஹாய் வந்த பிறகு மீன் விற்கிற விதமே மாறியிருந்தது. போட்டில் வரும்போதே ஆட்கள் வாழைச்சேனைக்கும் திருகோணமலைக்கும் எடுத்து விலை கேட்பார்கள். எங்கே கூட விலையோ அந்தப் பக்கம் போட்டைத் திருப்புவதும் உண்டு.

புள்ளிகள் போட்டுகளாகிக் கிட்ட வந்த நேரத்தில், பேசிக்கொண்டிருந்தவர்களின் குரல் ஒரே வீச்சில் அறுந்தது. "ஹலோ, ஹலோ" என்றார்கள். எங்கேயோ ஒரு சேவல் ஒரு தரம் கூவி ஓய்ந்தது. பிறகு எல்லோரும் தொலைபேசிகளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்கள்.

"எல்லாரும் கையை உசத்துறாங்க," என்றான் நோபேட். "பிரேரணை என்னெண்டுதான் தெரியல்ல."

தராசுக்குப் பக்கத்தில் பிளாஸ்ரிக் கதிரையில் படத்தில் இருந்த பெண் இருந்தாள். மடியில் பனையோலைக் கொட்டப்பெட்டி, அதற்குள் வெற்றிலை. பக்கத்தில், கண்ணில் படும்படி, அவளுடைய ஹாய் தொலைபேசி.

"வாங்க மகள். டவுணில இரிந்தா வாறீங்க? தேத்தண்ணி குடிங்க," என்றாள் ஆச்சிப்பிள்ளை. "பாருங்ககா, எனக்கும்தான் சிக்னல் இல்ல. இப்பிடி இரிந்தா எப்பிடி வியாபாரம் செய்யிற?"

தேநீர் உண்மையாகவே நன்றாக இருந்தது. ஆச்சிப்பிள்ளையின் ஐஸும் நன்றாக இருக்கும் என்று தனுஷியா சொல்லியிருந்தாள். ஊர்ப் போட்டுகளுக்கெல்லாம் ஐஸ் அவளுடையது.

முதலாவது போட் ஏறியது. சிவதர்ஷன் என்ற இளம் சம்மாட்டி, அந்தப் போட்டின் சொந்தக்காரன், சூரை மீனைக் குவித்தான். சின்ன வியாபாரிகள் பார்த்தார்கள். முதலாளியைக் கேட்காமல் விலை சொல்ல அவர்களுக்குத் தைரியம் வரவில்லை. தொலைபேசிகளை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினார்கள்.

"சூரை இண்டைக்குக் கொழும்புப் பேலியகொடைச் சந்தையில விழுந்திட்டுது மனே," என்றாள் ஆச்சிப்பிள்ளை. "நேத்து விலைக்கு ஏலா. பாதிக்குக் கொஞ்சம் மேல போட்டுத் தாறன்."

"விழுந்ததோ எழும்பினதோ, கேட்டுப் பார்க்க ஒரு வழியுமில்லையே," என்றான் சிவதர்ஷன்.

"நான் வேண்டாமெண்டா வெயிலுக்க வை. வெயிலுக்குச் சிக்னல் தேவையில்ல."

மீன் பெட்டிக்குப் போனது. தேநீரைக் கடைசி மிடறுவரை குடித்துவிட்டு றீற்றா எழுந்தாள். கொட்டகைக்கு வெளியே வந்ததும் கேட்டாள்.

"நோபேட், உங்கட ஃபோன்ல என்ன சிம்?"

"செரன்டெல். மாறப் பஞ்சிப்பட்டு அப்பிடியே விட்டிட்டன்."

"சிக்னல்?"

"நிரம்பி வழியுது."

"அப்ப டவர் முழிச்சிருக்கு. ஹாய் மட்டும் நித்திரை. எழுப்புறதுக்கு முன்னம் போய்ப் பார்ப்பம்."

டவர் பக்கத்து ஒழுங்கையில்தான். கம்பி வேலிக்குள் ஒரு சின்ன அறை, வேப்பமர நிழல், நிழலில் காவலாளி சாமித்தம்பி. வெளியூர்க்காரர்; கிரானில் இருந்து வந்து நின்று வேலை செய்கிறவர். கையில் செரன்டெல் கம்பனி கொடுத்த தொலைபேசி. சட்டையின் மேல் பொத்தானையும் பூட்டியிருந்தார்.

நோபேட் வழியெல்லாம் ஒரு குறுக்கு விசாரணையைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தான். தொண்டையைச் செருமினான்.

"அண்ணன், இந்த ஹாய் மெசினுக்குக் கரண்டை ஆரு நிப்பாட்டுற?"

"நான்தான்," என்றார் சாமித்தம்பி.

நோபேட்டுக்கு அடுத்த கேள்வி மறந்துபோயிற்று. றீற்றா கேட்டாள்.

"ஏன் அண்ணன்?"

"இஞ்சினியர் சேர் சொல்லித்தானே மிஸ். புது மெசின் சூடாகும், ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் ஆற விடோணும் எண்டார். சேர் ஒரு றிங் கட் அடிப்பார். நான் நிப்பாட்டிட்டுத் திருப்பி ஒரு றிங் கட் அடிப்பன், அப்ப சேருக்கு விளங்கும். மறுகா சேர் அடிச்சா போட்டுவிடுவன்."

"சேரைக் கண்டிரிக்கீங்களா?"

"இல்ல. முதல்நாள் மட்டும் ஃபோன்ல கதைச்சார். மறுகா என்னத்துக்குக் கதைக்கிற? றிங் கட்டுக்குக் காசு போகாது."

ஒரு முறை அடிக்கவிட்டு வெட்டுவதுதான் றிங் கட். ஒரே கம்பனி இருந்து, ஒவ்வொரு நிமிடமும் விலையாக இருந்த காலத்தில் சனம் கண்டுபிடித்த மொழி அது. வந்துவிட்டேன், கதவைத் திற, சோறு போடு, எல்லாவற்றுக்கும் ஒரு றிங் கட். அதில் எந்தக் கம்பனிக்கும் ஒரு சதம் கிடைக்காது, எந்த ஆணைக்குழுவாலும் அதற்கு விலை வைக்க முடியாது. போட்டி வந்து கட்டணம் இறங்கியது. பழக்கம் மட்டும் இறங்கவில்லை. றிங் கட் வந்தால் எடுத்துப் பேசுகிறவனை ஊரில் மரியாதை தெரியாதவன் என்பார்கள்.

"கம்பனி ஆக்கள் வந்து உங்களைக் கேக்கல்லையா?" என்றான் நோபேட்.

"கேட்டாங்க. இஞ்ச கரண்ட் போறதா எண்டு கேட்டாங்க. கரண்ட் ஒருநாளும் போகல்ல. போகல்ல எண்டு சொன்னன். நான் நிப்பாட்டுறதா எண்டு ஒருத்தரும் கேக்கல்ல."

நோபேட் வேலியைப் பிடித்துக்கொண்டான்.

"இண்டைக்குச் சேர் ரெண்டாவது தரம் அடிச்சிட்டாரா?" என்றாள் றீற்றா.

"இல்ல மிஸ். மெசின் ஆறுது."

"ஃபோனோட ஒருக்கா வாடிக்கு வாங்க."

"டவரை விட்டிட்டு ஏலா."

"டவர் ஓடாது அண்ணன்," என்றான் நோபேட்.

சாமித்தம்பிக்கு அப்போதுதான் ஏதோ விளங்கத் தொடங்கியது. "வேலை போகுமா மிஸ்?"

"கேட்டதுக்கெல்லாம் உண்மைதான் சொல்லியிரிக்கீங்க. புதன்கிழமையும் அதையே சொல்லுங்க. நானும் பக்கத்தில நிப்பன்."

திரும்பி நடக்கையில் நோபேட் குரலைத் தாழ்த்தினான். "மிஸ், இந்த நம்பருக்கு அடிச்சா அது கொழும்பில ஏசி அறையில ஒருத்தன்ட மேசையில அடிக்கும். நாம ஏன் மீன் நாத்தத்துக்குப் போறம்?"

"கொழும்பு மேசை எண்டா வாடியில ஒண்டும் கேக்காது. இப்ப ஹாய் நித்திரை. ஊரில ஒருத்தரிட்டையும் செரன்டெல் இல்ல. ஆக, வாடியில ஒரு ஃபோனும் அடிக்கக்கூடாது. சரிதானே?"

சரிதான் என்று நோபேட்டுக்குப் பட்டது. அதனாலேயே ஏதோ பிழை என்றும் பட்டது.

வாடியில் இரண்டாவது போட்டின் மீன் குவிந்திருந்தது. றீற்றா தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு தலையசைத்தாள். சாமித்தம்பி 'இஞ்சினியர் சேர்' என்று பதிந்திருந்த இலக்கத்தை மரியாதையோடு அழுத்தினார்.

ஒரு சேவல் கூவியது.

எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள். சிவதர்ஷன் பெட்டிகளுக்குப் பின்னால் போய்ப் பார்த்தான். அங்கே கோழி இல்லை. சேவல் மறுபடியும் கூவியது. இந்தத் தடவை அது ஆச்சிப்பிள்ளையின் மடியில், கொட்டப்பெட்டிக்குள், வெற்றிலைக்குக் கீழே இருந்து கூவியது எல்லோருக்கும் கேட்டது.

சாமித்தம்பி கொட்டப்பெட்டியைப் பார்த்தார்.

"சேர்?" என்றார்.

ஆச்சிப்பிள்ளையின் லொறிச் சாரதி டயரில் காற்றுப் பார்க்கக் குனிந்தான்.

"தம்பி," என்று நோபேட் அவனைக் கூப்பிட்டான். "மெசின் சூடாகும், ஆற விடோணும். இதை ஒருக்காச் சத்தமாச் சொல்லுங்க, சேர்ட குரல்தானா எண்டு கேப்பம்."

சாரதி டயரை விட்டு எழும்பவில்லை.

"நானும் தேத்தண்ணி குடிக்கும் வரைக்கும் உங்களை நினைக்கல்ல அக்கா," என்றாள் றீற்றா. "எல்லாரும் ஃபோனைத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கக்குள்ள, நீங்க மட்டும் பேலியகொடையில விலை விழுந்திட்டுது எண்டீங்க. சிக்னல் இல்லாத ஆளுக்கு அதை ஆரு சொன்ன?"

ஆச்சிப்பிள்ளை கொட்டப்பெட்டியைத் திறந்து, பழைய தொலைபேசியை எடுத்துத் தராசில் வைத்தாள். முகத்தில் பயம் இல்லை. வேலை கெட்ட சலிப்புத்தான் இருந்தது.

"படம் பிடிச்சுச் சிம் குடுத்தீங்களே அக்கா," என்றாள் தனுஷியா.

"ரெண்டு வச்சிரிந்தன். ஒண்டைக் குடுத்தன்." வெற்றிலையை மடித்தாள். "கேளுங்ககா. ஐஸ் நான் குடுக்கிறன். லொறி என்ட. மழைக்கும் காத்துக்கும் இவடத்த நிக்கிறவ நான். இவங்க நடுக்கடலில நிண்டு ஊருலகமெல்லாம் விலை கேட்டு, வேற கரைக்குத் திருப்பினா நான் என்ன செய்யிற? கம்பனிக்காரங்களுக்குச் சண்டை வந்தா விசாரிக்க ஆணைக்குழு இரிக்கு. எனக்கு ஆரு இரிக்கா?"

"மீன் விலைக்கு ஆணைக்குழு இல்லத்தான்," என்றாள் றீற்றா. "அதுக்குத்தான் உங்களுக்குப் பக்கத்தில நாலு வியாபாரி ஃபோனோட நிக்கோணும்."

"மாதக்கணக்கா என்னை ஏமாத்திரிக்கீங்க," என்றான் சிவதர்ஷன். அவன் குரல் உயரவில்லை. ஆனால் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்து மற்றவர்களும் முன்னால் வந்துவிட்டார்கள்.

ஆச்சிப்பிள்ளை அவர்களைப் பார்த்தாள். "ஒரு மணித்தியாலம்தானே மனே நிப்பாட்டினது. விலையில கொஞ்சம் குறைஞ்சிரிக்கும். ஆருக்கும் ஒண்டும் ஆகல்லையே."

தனுஷியா தராசுக்குக் கிட்டப் போனாள்.

"கடலில நிண்டவங்களுக்கும் சேர்த்துத்தான் நிப்பாட்டினீங்க அக்கா."

"அவங்கதான் வந்து சேர்ந்திட்டாங்களேகா."

"நிலோஜன் ஃபோனைப் பொலித்தீன் பையில சுத்திக் கட்டி வச்சிரிந்தாரு," என்றாள் தனுஷியா. "போட் ஒதுங்கின இடத்தில அதுவும் கிடந்தது. தண்ணி போகல்ல. நான் சார்ஜ் போட்டுப் பார்த்தன். ஆரு ஆருக்கு எடுத்தாரு எண்டு எல்லாம் இரிந்தது. ஒண்டும் போய்ச் சேரல்ல. முதல் எடுத்ததுக்கும் கடைசியா எடுத்ததுக்கும் நடுவில ஒரு மணித்தியாலம்தான்."

தனுஷியா தராசில் கிடந்த தொலைபேசியைப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டு தரம் எடுத்திரிந்தாரு. மத்ததெல்லாம் உங்களுக்குத்தான் அக்கா. உங்களிட்ட லொறி இரிக்கு, ஆக்கள் இரிக்காங்க, எப்பிடியும் ஆரையும் அனுப்புவீங்க எண்டு நினைச்சிரிப்பாரு."

ஆச்சிப்பிள்ளையின் கையில் மடித்த வெற்றிலை அப்படியே இருந்தது. அவள் அதை வாயில் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

சாமித்தம்பி யாரிடமும் சொல்லாமல் ஒழுங்கைப் பக்கம் நடந்தார். சற்று நேரத்தில் வாடியில் இருந்த எல்லாத் தொலைபேசிகளும் ஒன்றன் பின் ஒன்றாக உயிர் பெற்றன. இன்னும் கரைக்கு வராத ஒரு போட்டில் இருந்து யாரோ சிவதர்ஷனைக் கூப்பிட்டு விலை கேட்டார்கள். அவன் வாழைச்சேனைக்கு எடுத்துக் கேட்டுச் சொன்னான். சின்ன வியாபாரி ஒருவன் மெதுவாக ஒரு விலை சொன்னான். இன்னொருவன் அதற்கு மேலே சொன்னான். முதலில் எல்லோரும் பழக்கதோஷத்தில் ஆச்சிப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

ஏலம் அவளைச் சுற்றிக்கொண்டு போனது. அவள் விலை சொல்லவில்லை.

"புதன்கிழமை எத்தனை மணிக்கு அந்த விசாரணை?" என்றாள் கடைசியில். அதைத் தனுஷியாவிடம் கேட்கவில்லை, றீற்றாவிடமும் கேட்கவில்லை. தராசைப் பார்த்துக் கேட்டாள்.

பதில் சொல்லவேண்டியது தான்தான் என்று நோபேட்டுக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஒரு பகிடி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான்.

"ஒன்பதுக்கு. வெள்ளன வெளிக்கிடோணும். வேனில இடமிரிக்கு. தனுஷியாவும் வாறா, சாமித்தம்பி அண்ணனும் வாறார்."

"நான் பின்னுக்கு இரிக்கன்," என்றாள் ஆச்சிப்பிள்ளை.